எடுப்பும் ஒயிலும் எங்கே போயின?



கோவை உக்கடத்தில், 2024-இல் திறக்கப்பெற்ற மேம்பாலத்திற்கு அணித்தாக ஒரு சிறு தையற்கடை. ஒரே பொறி, ஒரே தையற்காரர், முப்பது நாற்பது ஆண்டு உழைப்பில் முதுகு சற்று வளைந்தவர். கிழிந்த பை ஒன்றைத் தைத்து வாங்க யாம் அங்குக் காத்திருந்தோம். பதினெட்டு அகவை மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன் சட்டைத்துணியை நீட்டினான். கழுத்துப்பட்டை இப்படி, கை இப்படி என்று தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிவிட்டுக் கேட்டான்:

“ஏனுங்ணா, இப்படித் தெச்சா இசுடைலா இருக்குமுங்களா?”

“நல்லா எடுப்பா இருக்கும், கண்ணு” என்றார் தையற்காரர்.

“எடுப்பா வேண்டாமுங்ணா, இசுடைலா வேணும்.”

“ரெண்டும் ஒண்ணுதான், கண்ணு.”

“ஒண்ணில்லீங்ணா. எடுப்புன்னா எங்கப்பா போடறதுங்க.”

தையற்காரர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். யாமும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு தொடர் எம்மை விட்டு அகலவே இல்லை. ‘எடுப்பு’ என்பது அப்பன் உடுப்பது. ‘இசுடைல்’ என்பது தான் உடுப்பது! துணி ஒன்று, ஊசி ஒன்று, தைக்கின்ற கையும் ஒன்று. சொல் மாறியதும் ஒன்று தாழ்ந்தது, மற்றொன்று உயர்ந்தது. இதைவிடத் தெளிவாக நம் நோயை எந்தப் பேராசிரியரும் எடுத்துரைத்ததில்லை.

‘போகட்டும், ஒரு சொல்தானே!’ என்பார் உளர். ஒரு சொல்தான். ஆயின் அழகைக் குறிக்கும் சொல் ஓரினத்தின் தன்மதிப்பு அமர்ந்திருக்கும் இருக்கை. அழகுக்குரிய சொல் அயலானுடையதாயின், அழகும் அயலானுடையதே என்று பிள்ளை நம்பத் தொடங்குகிறான். பிறகு, தாய் கட்டும் சேலையும் தந்தை கட்டும் வேட்டியும் அவன் கண்ணுக்கு அழகாகத் தோன்றா. அந்த இளைஞன் பொய் சொல்லவில்லை. நாம் கற்பித்ததைத்தான் திருப்பிச் சொன்னான்.

ஆண்டவர் சொல்லே அழகின் சொல்

நம் நாட்டில் மினுக்கையும் பகட்டையும் குறிக்க வழங்கிய சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆடம்பரம், படாடோபம், டாம்பிகம் ஆகியன வடமொழி வழி வந்தவை. சோக்கு, சோர் ஆகியன அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்து, முகலாயர், நவாபுகள் காலத்து ஆட்சியோடு வந்து சேர்ந்தவை. ‘இது புது மோசுதர்’ என்று நம் பாட்டனார் சொன்னாரே, அந்த மோசுதர் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது; அவர்கள் மொழியில் அது காட்டுப்பொருள், மாதிரிப்பொருள் என்றே பொருள்படும். அடுத்து வந்தான் ஆங்கிலன். பேசனும் இசுடைலும் வந்தன.

இவ்வரிசை கற்பிப்பது யாது? எவன் ஆண்டானோ அவன் சொல்லே அழகுக்குச் சொல்லாயிற்று. உழவுக்கு நம் சொல். நடவுக்கு நம் சொல். பசிக்கும் பட்டினிக்கும் நம் சொல். மினுக்குவதற்கு மட்டும் மேலே இருப்பவன் சொல்! அரசுகள் மாறின, மேலே இருப்பவன் மாறினான், அண்ணாந்து பார்க்கும் நம் கழுத்து மட்டும் மாறவில்லை. ஆங்கிலன் 1947-இல் கப்பலேறிப் போனான். அவன் சொல்லோ உக்கடத்துத் தையற்கடையில் இன்றும் ஆட்சி செலுத்துகிறது.

எழுத்தாணிக்குக் கடன்பட்ட எழுத்தாணிக்காரன்

‘இசுடைல்’ என்னும் சொல்லின் பிறப்பையாவது அறிவோமா? இலத்தீன் மொழியில் ‘சுடைலசு’ என்பது எழுதுங்கருவி. மெழுகு பூசிய பலகையில் உரோமர் எழுதப் பயன்படுத்திய கூரிய ஆணி அது. ஆணியின் பெயர் அதனால் எழுதும் முறைக்கு ஆயிற்று. எழுதும் முறையின் பெயர் வாழும் முறைக்கும் உடுக்கும் முறைக்கும் ஆயிற்று. ‘பேசன்’ என்பதோ, செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. செய்முறை, செய்பாங்கு என்பதே அதன் அடிப்பொருள்.

ஆக, அவன் தன் எழுத்தாணியின் பெயரை வளர்த்து அழகின் பெயராக்கிக் கொண்டான். அது அவனுக்குப் பெருமை. அதில் நமக்கு அழுக்காறில்லை. ஆனால் நாம் யார்? ஓலையில் எழுத்தாணியால் ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தைக் கீறிக் காத்த இனத்தவர். கையில் எழுத்தாணியை வைத்திருந்தவன், அயலான் தன் எழுத்தாணிக்கு இட்ட பெயரைக் கடன் கேட்டு நிற்கிறான். இதனினும் நகைப்புக்குரியது பிறிதுண்டோ?

அச்சொல்லை எழுதவும் நம்மால் இயலவில்லை. நம் மொழியில் மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலில் வாராது. இதனைத் தொல்காப்பியர் வரையறுத்தார். நம் நாவும் அவ்வாறே பழகியது. இவ்வொரு சொல்லுக்காக நெடுங்கணக்கில் இல்லாத எழுத்தொன்றைக் கொணர்ந்து, அதனைப் புள்ளியோடு சொல்லின் தலையில் ஏற்றி வைக்கின்றனர். வந்த விருந்தாளிக்காக வீட்டுக் கதவை அகற்றிய கதை இது.

தொல்காப்பியர் கண்ட வனப்பு

‘தமிழில் இதற்குச் சொல் இல்லையே’ என்போர்க்கு ஒன்று கேட்போம். தேடினீர்களா?

தொல்காப்பியச் செய்யுளியல் நூலுக்குரிய அழகுகளை ‘வனப்பு’ என்னும் பெயரால் எட்டாக வகுக்கிறது: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. இவற்றுள் ‘விருந்து’ என்பதை நோக்குக. புதியதாகப் புனைவதற்குத் தொல்காப்பியர் இட்ட பெயர் அது. விருந்து என்றாலே புதுமை. வீட்டிற்குப் புதியவராய் வருபவர் விருந்தினர் ஆனதும் அதனாலேயே. பழையதைப் போற்றுவதைத் தொன்மை என்றும், புதியதைப் புனைவதை விருந்து என்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் அழகென்றே ஏற்ற மொழி இது. ‘புதுமை வேண்டுமென்றால் அயன்மொழிக்குத்தான் போகவேண்டும்’ என்பவன் தன் வீட்டு அறைகளை எண்ணிப் பாராதவன்.

நூலுக்கு மட்டுமன்று, உடைக்கும் ஒப்பனைக்கும் இதே செழுமை இருந்தது. மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்தனர். அதனால் கூந்தலுக்கே ‘ஐம்பால்’ என்று பெயர். துணிக்குத் துகில், கலிங்கம், அறுவை என்று பெயர்கள். பாம்பு உரித்த சட்டையைப் போல் மெல்லிய, நெய்த இழை கண்ணுக்குத் தெரியாத ஆடையைப் பொருநராற்றுப்படை பேசுகிறது. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அவர் துணி விற்றவர், பாட்டும் எழுதினார். துணிக்கடையில் தமிழ் இருந்த காலம் அது. இன்று துணிக்கடையில் எல்லாம் இருக்கின்றன. தமிழ்தான் இருப்பில் இல்லை.

ஒரு சொல் தின்ற பத்துச் சொற்கள்

அயற்சொல்லின் உண்மைக் கேடு அது வந்ததில் இல்லை. வந்தபின் அது செய்யும் வேலையில் இருக்கிறது. நாள்தோறும் நம் காதில் விழுவனவற்றைக் கொண்டே காட்டுவோம்.

ஒருவர் எழுதுவது நன்றாயிருந்தால், ‘அவர் இசுடைல்’ என்கின்றனர். அதற்குச் சொல் நடை. ஒருத்தி அசைந்து வருவது அழகாயிருந்தால், அதற்குச் சொல் ஒயில். ஒருவன் நிமிர்ந்து நின்றால், அதற்குச் சொல் மிடுக்கு. சட்டை உடலுக்குப் பொருந்தி விளங்கினால், அதற்குச் சொல் எடுப்பு. முடியைத் திருத்திக்கொண்டால் முடிக்கோலம். உடுக்கும் முறை உடைப்பாங்கு. புதியதாக எங்கும் பரவுவது புதுப்பாங்கு. செயலால் விளைந்த நிமிர்வு பெருமிதம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த சொல் அது. அளவு மீறித் தன்னைக் காட்டிக்கொள்வது ஒய்யாரம். உள்ளே ஒன்றுமின்றி வெளியே மினுக்குவது பகட்டு.

பத்துச் சொற்கள், பத்துப் பொருள்கள். மிடுக்கு வேறு, பகட்டு வேறு. ஒயில் வேறு, ஒய்யாரம் வேறு என்று நம் பாட்டி அறிவாள். ஒய்யாரக் கொண்டையின் மேலே பூவும் உள்ளே ஈரும் பேனும் இருப்பதைச் சொல்லி நகைத்த பழமொழி அவள் வாயில் இருந்தது. மினுக்கையும் அழகையும் பிரித்தறியும் தேர்ச்சி அவள் சொல்வளத்திலேயே இருந்தது. இன்றோ பத்துக்கும் ஒரே சொல்! எழுதுவதும் இசுடைல், நடப்பதும் இசுடைல், வெண்சுருட்டை வாயில் எறிந்து பிடிப்பதும் இசுடைல். பாராட்டத்தக்கதும் பழிக்கத்தக்கதும் ஒரே பெயரால் வழங்கினால், பாராட்டுவது எது, பழிப்பது எது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சொல் குறைந்தால் எண்ணம் குறையும். எண்ணம் குறைந்தால் தேர்வு குறையும். தேர்வற்றவனுக்கு எதையும் விற்கலாம். வணிகன் அறிவான் இதனை, நாம்தான் அறியோம்.

‘நாகரிகம்’ என்ற சொல்லுக்கும் இதே நிலை நேர்ந்தது. நகர் என்பதிலிருந்து நாகரிகம் பிறந்தது என மொழிநூல் மூதறிஞர் பாவாணர் நிறுவினார். திருவள்ளுவர் அச்சொல்லை ஆண்ட இடம் கண்ணோட்டம் என்னும் பகுதி. பழகியவர் தருவது நஞ்சென்று கண்டும் முகங்கோணாத பெருந்தன்மையை அவர் நாகரிகம் என்றார். இன்று ‘நாகரிகமாய் இரு’ என்றால் கால்சட்டையை மாற்று என்று பொருள்!

‘கெத்து’க்கு நேர்ந்த வழக்கு

இனி ஒரு வழக்கைக் கேளுங்கள். இது கற்பனையன்று, நாடறிந்தது.

தமிழ்ப்பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று 2006-இல் தமிழக அரசு ஆணையிட்டது. ஆணை வந்த அவ்வாண்டிலேயே ‘சம்திங் சம்திங்’ என்று தொடங்கிய படப்பெயர் ‘உனக்கும் எனக்கும்’ ஆயிற்று; ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆனான்; ‘சில்லு’க்கு முன்னிருந்த அயலெழுத்து உதிர்ந்தது. தமிழுணர்ச்சியால் உதிராதது வரிச்சலுகையால் உதிர்ந்தது. எவ்வாறாயினும் உதிர்ந்ததே என்று மகிழ்ந்தோம்.

பத்தாண்டு கழிந்தது. 2016 பொங்கலுக்குக் ‘கெத்து’ என்னும் படம் வெளிவந்தது. அப்பெயர் தமிழன்று என்று கூறி வரிவிலக்கு மறுக்கப்பட்டது. படமெடுத்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றனர். கெத்து தமிழ்ச்சொல்லே என்று அவ்வாண்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. 2017 சூலையில் பொருள், பணி வரி வந்தபின் அப்பழைய வரிவிலக்கு முறையின் காலமும் முடிந்தது. ஆனால் அவ்வழக்கு எழுப்பிய கேள்வி முடியவில்லை.

படத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமில்லை. எவர் நடித்தது, எக்கட்சி ஆண்டது என்பதும் நமக்குப் பொருட்டன்று. நாம் கேட்பது இது: இளைஞர் நாவில் நாள்தோறும் புரளும் ஒரு சொல், தான் தமிழ்தான் என்று மெய்ப்பிக்க வழக்கறிஞரை அமர்த்தி மன்றேற வேண்டியிருக்கிறது. ‘இசுடைல்’ எந்த மன்றத்தில் ஏறியது? எவரிடம் சான்று காட்டியது? தன் வீட்டுப் பிள்ளையை வாயிலில் நிறுத்தி ‘நீ யார்?’ என்று கேட்கிறோம். வழிப்போக்கனை நடுவீட்டில் அமர்த்தி விசிறுகிறோம்.

கெத்து எந்த ஆட்சியாளன் தந்த சொல்லும் அன்று. தெருவில் புழங்கி, உழைக்கும் மக்கள் வாயில் வளர்ந்து, கல்லூரி வாயில் வரை வந்த சொல். அதனால் அதனை வரவேற்கிறோம். ஆனால் அதன் பொருளில் நமக்கு ஓர் அச்சமும் உண்டு. அதை மறைக்க மாட்டோம். ஒயில் என்றால் அழகு. எடுப்பு என்றால் பொருத்தம். கெத்து என்றால் இன்று பெரும்பாலும் பிறனைக் கீழே தள்ளி மேலே நிற்றல். ‘கெத்துக் காட்டினான்’ என்றால் எவரோ ஒருவர் தலைகுனிந்தார் என்று பொருள். குலப்பெருமை பேசி வண்டியில் பறப்பதற்கும் அச்சொல்லே. நேர்மையாய் நின்று வென்றவனுக்கும் அச்சொல்லே. பணிவையும் இன்சொல்லையும் ஒருவனுக்கு அணிகலன் என்று கண்டவர் வள்ளுவர். கெத்தை வைத்துக்கொள்வோம், அதற்குள் அந்த அணிகலனைப் பூட்டுவோம். தமிழை ஏற்றுத் தமிழ்ப் பண்பை விடுவது தூய்மையன்று.

மறுப்பார்க்கு மறுமொழி

‘மொழி என்றால் கலக்கும், ஆங்கிலமே தமிழிலிருந்து எடுத்துள்ளதே’ என்பர். எடுத்துள்ளது; மறுக்கவில்லை. கட்டுமரத்தை எடுத்தான், சுருட்டை எடுத்தான், மிளகுத்தண்ணீரை எடுத்தான், கறியை எடுத்தான். தன்னிடம் இல்லாத பொருளை எடுத்தான். பொருளோடு பெயரையும் எடுத்தான். தன்னிடம் இருந்த அழகுச்சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு நம் ‘ஒயிலை’ எடுத்தானா? இல்லையே! இல்லாததைக் கொள்வது கொள்முதல். இருப்பதை எறிந்துவிட்டுக் கொள்வது ஏமாற்றம்.

‘பழகிவிட்டதே, இனி மாறுமா?’ என்பர். மாறியிருக்கிறது. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய 1916-இல் நம் மேடைகளில் என்ன வழங்கியது? நமசுகாரம், அக்கிராசனர், உபந்நியாசம், விவாகம், அபேட்சகர். இன்று? வணக்கம், தலைவர், சொற்பொழிவு, திருமணம், வேட்பாளர். வணக்கம் என்று சொல்வதற்கு இன்று எவனும் நாணுவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் ‘இதெல்லாம் நடக்குமா?’ என்று நகைத்தவர்களின் கொள்ளுப்பேரர்களும் இன்று வணக்கம் என்றே சொல்கின்றனர்.

மாறாதது எங்கே? கடைத்தெருவில்! மேடையை வென்றோம், கடையை விட்டுவிட்டோம். இது நம் குற்றமுமாகும். சொல்லாக்கம் என்று அறைக்குள் அமர்ந்து பட்டியல் எழுதினோம்; தையற்காரரிடம் சென்று ‘நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘எடுப்பு’ என்று அன்றே சொல்லியிருப்பார். சொல் அவர் நாவில் உயிரோடு இருந்தது. அவருக்குத் துணைநிற்க அன்று அக்கடையில் ஆளில்லை; யாம் இருந்தும் வாய் திறக்கவில்லை. அவ்வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

கொங்கின் கடமை

இதை உக்கடத்திலிருந்து எழுதுவதற்குக் கரணியம் உண்டு. கோவை உடைக்குப் பெயர்பெற்ற மண். 1888-இல் இங்கு முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களில் பைக்காரா மின்னாற்றல் வந்ததும் ஆலைகள் பெருகின. நெகமத்துக் கைத்தறிச் சேலைக்கும் கோவைக் கோராச் சேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. இத்துணைப் பெருமையும் உடைய ஊரைப் பாராட்டுங்கால் என்ன சொல்கின்றனர்? ‘தென்னாட்டு மான்செசுடர்’! பாராட்டுவதற்கும் ஆங்கிலன் ஊர்ப்பெயர்!

கொங்குப் பாட்டிமார் கட்டிய பின்கொசுவம் ஒரு பாங்கில்லையா? வயலில் குனிந்து நிமிர, நடக்க, ஏற, இறங்கத் தடையில்லாத கட்டு அது. தொழிலும் அழகும் ஒன்றாய் மடிந்த மடிப்பு. கொசுவம், முந்தானை, கரை, விளிம்பு, தலைப்பு என்று ஒவ்வொரு மடிப்புக்கும் பெயர் வைத்திருந்தவள் அவள். இவ்வூர்ப்புறங்களில் இன்றும் ஒயிற்கும்மி அடிக்கின்றனர். வள்ளிகும்மி புத்துயிர் பெற்று ஊரூராகப் பரவுகிறது. கையில் துணி வீசி, வரிசையாய் நின்று, ஒரே அடியில் ஆடும் ஆட்டத்திற்கு ஒயிலாட்டம் என்று பெயர். ‘இசுடைலுக்குத் தமிழ் என்ன?’ என்று கேட்பவனின் ஊர்த்திடலிலேயே விடை ஆடிக்கொண்டிருக்கிறது.

2010 சூன் திங்களில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததும் இக்கோவையில்தான். உக்கடத்திற்குத் தெற்கே குறிச்சிக் குளக்கரையில் தமிழெழுத்துகளாலேயே அமைந்த திருவள்ளுவர் நிற்கிறார். வடக்கே ஒப்பணக்கார வீதியில் துணிக்கடைகளின் பலகைகள் நிற்கின்றன. சிலையின் உடலெல்லாம் தமிழ். பலகையில் எங்கே தமிழ்? கடைகள், நிறுவனங்கள் தொடர்பான விதிகள் பலகையில் தமிழுக்கே முதலிடம் தரவேண்டும் என்கின்றன. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஐந்து, மூன்று, இரண்டு என்ற அளவில் இருக்கவேண்டும் என்கின்றன. அதற்கும் வழி கண்டுவிட்டனர்: அயற்சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவிடுகின்றனர்! எழுத்து தமிழ், சொல் அயல். விதி எழுத்தின் உயரத்தை அளக்கிறது. சொல்லின் பிறப்பை அளப்பதில்லை. அதை அளக்க வேண்டியவர் நாம்.

எனவே, தமிழ்நெஞ்சீர், பெரிய செயல் எதுவும் வேண்டா. அடுத்த முறை துணி தைக்கச் செல்லுங்கால் ‘எடுப்பாய்த் தைத்துத் தாருங்கள்’ என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை புதுச்சட்டை அணிந்து வந்து நின்றால், ‘மிடுக்காய் இருக்கிறாய்’ என்று சொல்லுங்கள். பெண்பிள்ளையிடமும் அதையே சொல்லுங்கள். முடிதிருத்தும் கடைக்கும் தையற்கடைக்கும் பெயர் வைக்க உங்களிடம் வருவோர்க்கு ஒயில், எழில், பாங்கு, வனப்பு, கவின் என்று ஐந்து பெயர்களை எழுதிக்கொடுங்கள். நாணி ஒதுங்கி நிற்கும் நம் தொழிலாளர் நாவில் உள்ள சொல்லை, ‘நீங்கள் சொன்னதே சரி’ என்று அனைவர் முன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

யாமும் மறுகிழமை அத்தையற்கடைக்குச் சென்றோம். சட்டை தைத்து முடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. “நல்ல எடுப்பாய் இருக்கிறதுங்க” என்றோம். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார். “ஆமாங்க, தம்பிக்குத்தான் அது தெரியாதுங்க” என்றார்.

தம்பிக்குத் தெரியச் செய்வதே நம் பணி. எடுப்பு அப்பனுடையது மட்டுமன்று, தம்பி, அது உன்னுடையதும்தான். எடுத்து உடுத்துக்கொள்!